புரையேறினால் நான்தான்

தி.நகர்
ஜூன் 9, 2025

அன்புள்ள தங்கம் அக்காவுக்கு,

சந்திரிகா எழுதுகிறேன். நீயும் நல்லசிவம் அத்தானும் சுகமா? மருமகள் மாளவிகாவுக்கு வாந்தி நின்றதா? புனேயில் மழை பிடித்துவிட்டது என்று உன் பிள்ளை அஸ்வத் சொன்னான். ஈரத்தில் நடந்து உன் முட்டிவலியைக் கூப்பிட்டுக்கொள்ளாதே.

கடிதத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டிருப்பாய். போன் இருக்கும்போது இவளுக்கு என்ன வந்தது என்று கேட்பாய். வந்தது என்ன என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நான் அதிகம் பேசக் கூடாதாம். பேசப் பேசக் குரல் இறங்கிப்போகிறது. காலையில் கை தெம்பாக இருப்பதால் எழுதுவது சுலபமாக இருக்கிறது.

இரண்டு மாதமாகவே பொழுது சாய்ந்தால் என் இடது இமை தானாக இறங்கியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். பிறகு எல்லாம் இரண்டாகத் தெரிந்தது. கடையில் பிளவுஸ் துணி வெட்டும்போது இரண்டு கத்தரி, இரண்டு அளவுகோல். எது நிஜம் என்று கையால் தடவிப் பார்த்து வெட்டினேன். சிரித்தால் வாய் கோணியதால் சிரிப்பதையே விட்டேன். அக்காவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று கடைப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடை நிறையக் கூட்டம். வெங்காயத்தோல் நிறத்தில் லைனிங் கேட்ட ஒரு அம்மாவுக்கு விலை சொன்னேன். நான் சொன்னது எனக்கே விளங்கவில்லை. மூக்கால் பேசுவதுபோல் குழறிக்கொண்டு வந்தது. அந்த அம்மா பக்கத்தில் நின்றவளிடம், "இன்னா இது, வாய் கொழறுது. போட்டுக்கினு வந்து கல்லாவுல குந்திகினு கீதா?" என்றாள். மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் எழுந்து ஷட்டரை இறக்கிவிட்டார். கடை தொடங்கிய நாளிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் நம் ஷட்டர் இறங்கியதே இல்லை.

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தேவானை என்ற நர்ஸ் ஐஸ் கட்டியைக் கையுறைக்குள் முடிந்து, இறங்கிக் கிடந்த இமைமேல் சற்று வைத்திருந்து எடுத்தாள். இமை தானாகத் தூக்கிக்கொண்டது. கண்ணாடியில் அதைப் பார்த்தபோதுதான் இது தூக்கம் போதாத கோளாறு இல்லை என்று புரிந்தது. சோதனைகள் எல்லாம் முடிந்து பெயர் சொன்னார்கள். மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு கூப்பிடுவது தசைக்குச் சரியாகக் கேட்பதில்லை, அவ்வளவுதான் என்றார் டாக்டர். அவருக்கு அவ்வளவுதான்.

தேவானை என்னைவிடச் சின்னவள், ஆனால் அதட்டலில் உன்னைப் போலவே. "மாத்திரை மொதல்ல. அரைமணி கழிச்சுதான் சாப்பாடு. தொண்டை முழிச்சிக்கினாதான் சோறு நேரா எறங்கும். வயித்தைப் புடிச்சா ரெண்டு பிஸ்கெட்டோட போட்டுக்குங்க" என்று சொல்லி, என்னைத் திரும்பச் சொல்லவைத்தாள். மகள் தாரணி தன் போனில் மூன்று வேளைக்கும் அலாரம் வைத்திருக்கிறாள்.

பயப்படாதே. நான் பயந்தது போதும்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
சந்திரிகா


புனே
ஜூன் 17

அருமைத் தங்கச்சிக்கு,

அக்கா தங்கம் எழுதுவது. நாங்கள் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. உன் கடிதத்தைப் படித்தபடி நின்றேன். அடுப்பில் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்து கீழே சொட்டுகிறது, நான் அதையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உன் அத்தான் வந்து அடுப்பை அணைத்தார்.

நேற்று உன்னிடம் போனில் பேசினேன் அல்லவா? நான் பேசப் பேச நீ "உம்" கொட்டினாய். எனக்கு அது ஆகாது. பிறந்ததிலிருந்து வாய் மூடாதவளுக்குப் பேசக் கூடாத நோயா? பள்ளிக்கூடத்தில் உன்னைப் பெஞ்சுமேல் ஏற்றியதெல்லாம் இந்த வாய்க்குத்தானே. இனி நானும் எழுதுகிறேன். நீ பாதி பேச நான் பாதி கேட்பதைவிட இது மேல்.

அஸ்வத் நோயைப் பற்றிப் போனில் தேடிப் படித்துக் காட்டினான். மூச்சு என்று ஏதோ வந்தது. போதும் நிறுத்து என்று சொல்லிவிட்டேன். அந்த லைனிங் வாங்க வந்தவள் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அவள் தலையில் லைனிங்கைச் சுற்றி அனுப்பியிருப்பேன். என் தங்கச்சியைப் பார்த்து என்ன வார்த்தை சொன்னாள்.

உடனே ரயில் ஏறியிருப்பேன். மாளவிகாவைப் படுக்கையைவிட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு அம்மாவும் இல்லை. ஆகஸ்டில் பிரசவம். அதுவரை என்னைக் கட்டிப் போட்டிருக்கிறது. மாப்பிள்ளை ராம்குமாரிடம் சொல், உன்னைக் கடையில் நிறுத்தக் கூடாது. தாரணியிடம் சொல், காலேஜ் விட்டதும் ஊர் சுற்றாமல் வீட்டுக்கு வர வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அக்கா


தி.நகர்
ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. நானும் முக்கால்வாசி சுகம்தான். மாளவிகாவுக்கு இளநீர் கொடுக்கிறாயா?

மாத்திரை வேலை செய்கிறது. போட்டுக் கொஞ்ச நேரத்தில் இமை ஏறுகிறது, இரண்டு ராம்குமார் ஒரு ராம்குமார் ஆகிறார். "ஒருத்தரே போதும்" என்று நான் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலையில் என்னைப் பார்ப்பவர்கள் நோயே இல்லை என்பார்கள். சாயங்காலம் பார்ப்பவர்கள் நடிக்கிறாள் என்பார்கள். ஒரே ஆள்தான், வேளைதான் வேறு.

ஒரே ஒரு தொல்லை. வயிறு. மாத்திரை உள்ளே போனதும் குடலைப் பிடித்து முறுக்குகிறது. கடையில் பாதித் துணியை அளந்துகொண்டிருக்கும்போதே ஓட வேண்டியிருக்கிறது. கடை மாடியில் இருக்கும் கழிவறையை மூன்று கடைக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம், உனக்குத் தெரியும். அவமானமாக இருக்கிறது, அக்கா. பிஸ்கட் சாப்பிட்டுப் பார்த்தேன், சற்றுத் தேவலை, முழுக்க நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யலாம் என்றால், இதைப் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சம். ஆடித் தள்ளுபடி வேறு நெருங்குகிறது. நான் இல்லாமல் நிறம் பார்த்துக் கொடுக்க ஆள் கிடையாது.

நீ ஏதாவது வழி சொல்லு.

சந்திரிகா


புனே
ஜூலை 9

அருமைத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மழை விடவில்லை. துணி காயவில்லை. மாளவிகாவின் காலில் நீர் கோத்திருக்கிறது. மற்றபடி குறைவில்லை.

ஏட்டி, உனக்கு அறிவு இருக்கிறதா? வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் அது குடலைப் பிடுங்காமல் கொஞ்சுமா? பிஸ்கட் எல்லாம் ஒரு சாப்பாடா? நம் வீட்டில் யாராவது சாப்பிடாமல் மாத்திரை போட்டு நீ பார்த்திருக்கிறாயா? அம்மா நம்மை விட்டுப் போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தபோது, உன் வாயைப் பிடித்து இரண்டு கரண்டி கஞ்சியாவது புகட்டிவிட்டுத்தான் மாத்திரை கொடுத்தேன். நீ என் கையைக் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அப்படி வளர்த்த உடம்பு உன்னுடையது.

முதலில் வயிறாரச் சாப்பிடு. இட்லியோ சோறோ, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னால் அடிக்கிற அந்த அலாரத்தை நிறுத்தச் சொல். அந்த நர்ஸ் சொன்னாள் என்கிறாய். அவளுக்கு ஆயிரம் நோயாளி. எனக்கு நீ ஒருத்திதான்.

செய்து பார்த்துவிட்டு எழுது.

அக்கா


தி.நகர்
ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மாளவிகாவின் கால் வீக்கம் வடிந்ததா?

நீ சொன்னபடிதான் செய்கிறேன். வயிறு அடங்கிவிட்டது. மாடிக்கு ஓடும் வேலை இல்லை. நீ ஆஸ்பத்திரி வைத்திருந்தால் தி.நகரில் பாதிப் பேர் உன்னிடம்தான் வருவார்கள் என்று தாரணியிடம் சொன்னேன். அவள் அலாரத்தை நிறுத்தத் தயங்கினாள். நான்தான் அதட்டி நிறுத்தவைத்தேன். நீ எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. பெரியம்மா சொன்னால் வேதமா என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஆடிக் கூட்டத்தை என்னவென்று சொல்ல. தெருவில் கால் வைக்க இடமில்லை. புடவையைத் தூக்கிக்கொண்டு வந்து "இதுக்கு மேட்ச் குடுங்க" என்று ஒரே சமயத்தில் பத்துக் கை நீளுகிறது. சாயங்காலம் நான் வாயால் சொல்வதில்லை, நிறத்தைக் கையால் காட்டுகிறேன். கடைப் பெண்களுக்கு இப்போது பழகிவிட்டது.

ஒன்று மட்டும். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறது. ரசம் சோறுகூட ஏறுகிறது. காலையில்தான் அதிகம். தண்ணீர் குடித்தால் சில சமயம் மூக்கில் வருகிறது. சாப்பிட்டு முடிப்பதற்குள் தாடை சலித்துப்போகிறது. என் சமையலில்தான் காரம் கூடிவிட்டதோ என்னவோ.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

சந்திரிகா


புனே
ஆகஸ்ட் 1

அருமைத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. வயிறு அடங்கியதா? அக்கா சொன்னால் கேட்க வேண்டும் என்று இப்போதாவது தெரிந்ததா? நாள் நெருங்கிவிட்டது. வெந்தயமும் பூண்டும் வாங்கி வைத்துவிட்டேன்.

புரையேறுகிறது என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். காரமும் இல்லை, ஒன்றும் இல்லை. புரையேறினால் நான்தான். காலையில் எழுந்து காப்பி போடும்போது உன்னை நினைக்கிறேன், நீ அங்கே இட்லியை வாயில் வைக்கிறாய், ஏறத்தானே செய்யும். அடுத்த தடவை ஏறினால் உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டி "அக்கா" என்று சொல். நின்றுவிடும். நான் நினைப்பதை நிறுத்துவேன் என்று மட்டும் எண்ணாதே.

குழந்தை பிறந்து ஒரு மாதம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். உன் கையால் ஒரு மாம்பழ மஞ்சள் பிளவுஸ் துணி எடுத்து வை.

அக்கா


தி.நகர்
ஆகஸ்ட் 17

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

தாரணி வணக்கம். குழந்தையும் மாளவிகா மதினியும் நலமா? பெண் குழந்தை என்று அப்பா சொன்னார். அம்மாவின் காதில் சொன்னேன். கண் திறந்து பார்த்தாள்.

அப்பா போனில் உங்களிடம் "கொஞ்சம் சீரியஸ், பயப்பட வேண்டாம்" என்று மட்டும்தான் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு யாரிடமாவது முழுக்கச் சொல்லியாக வேண்டும். உங்களிடம்தான் முடியும்.

அம்மாவுக்கு முன்னாலேயே சில நாளாக இருமல் இருந்தது. லேசாகச் சுரமும் இருந்தது. ஆடி முடியட்டும் என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போனாள். போன செவ்வாய்க்கிழமை காலை மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். இட்லி, மிளகாய்ப்பொடி. இரண்டாவது இட்லியில் அம்மாவுக்குப் புரையேறியது. உச்சந்தலையில் தட்டிக்கொண்டு, "அக்கா நெனைக்கா" என்றாள். குரல் மூக்கில் வந்தது. நாங்கள் சிரித்தோம். பெரியம்மா, நாங்கள் சிரித்தோம்.

அவளால் அதற்குப் பிறகு இரும முடியவில்லை. இருமுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. தலை முன்னால் தொங்கிவிட்டது. உதடு நீலமாகிவிட்டது. அப்பா வாயில் கை விட்டு எடுத்தார், முதுகில் தட்டினார். மாடி வீட்டு கரீமுல்லா அங்கிள் காரை எடுத்தார். நந்தனம் சிக்னலில் வண்டி நின்றபோது அம்மா என் மடியில் கிடந்து என்னையே பார்த்தாள். நினைவு முழுக்க இருந்தது. மூச்சுத்தான் வரவில்லை.

வென்டிலேட்டர் போட்டிருக்கிறார்கள். சோறும் தண்ணீரும் பல நாளாகவே தப்பி நுரையீரலுக்குள் போயிருக்கிறதாம். அதில் சளி கட்டி, நோயும் முற்றிவிட்டதாம். ரத்தத்திலிருந்து பிளாஸ்மா என்ற நீரைப் பிரித்து மாற்றுகிறார்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் தேவானை சிஸ்டர் வந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கிறார், தொண்டையில் சளி உறிஞ்சுகிறார், கண் காயாமல் மருந்து விடுகிறார். "கண்ணு மூடியிருந்தாலும் காது கேக்குது, நல்லதா பேசுங்க" என்றார்.

அம்மாவிடம் நல்லதாகப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் ஏதாவது எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன்.

தாரணி


தி.நகர்
செப்டம்பர் 3

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

தாரணி எழுதுகிறேன். பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாளா? உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. குழந்தை வேலையில் நேரம் இருக்காது, புரிகிறது.

அம்மாவின் கழுத்தில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றியிருக்கிறார்கள். பேச முடியாது. கை அசைகிறது. ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தோம். முதலில் எழுதியது "பாப்பா பேர் என்ன".

நேற்று தேவானை சிஸ்டர் அம்மாவிடம், மாத்திரை எப்படிப் போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாப்பிட்ட பிறகு என்று அம்மா எழுதினாள். சிஸ்டர் குனிந்து அதை மறுபடி படித்தார். "தொண்டை தூங்கிக்கினு கீறப்ப சோத்தைப் போட்டிருக்கீங்க. யாரும்மா அப்படிச் சொன்னது?" என்று கேட்டார். அப்பாவும் நானும் அங்கேதான் இருந்தோம். அம்மா எழுதியிருந்ததைத் துடைத்தாள். பிறகு "நானேதான்" என்று எழுதினாள்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏனென்றால் அலாரம் என் போனில். அதை நிறுத்தியது நான். அம்மா நிறுத்தச் சொன்னாள் என்று சொன்னேன். "ஒனக்குப் படிப்பு எதுக்கு?" என்று கேட்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பெரியம்மா. தட்டின் முன்னால் உட்கார்ந்தால் அந்த இட்லிதான் வருகிறது. நான் அலாரத்தை நிறுத்தாமல் இருந்திருந்தால் அம்மா இன்று கடையில் இருந்திருப்பாள்.

இதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

தாரணி


புனே
செப்டம்பர் 11

தம்பி ராம்குமாருக்கு,

தங்கம் எழுதிக்கொள்வது. நலம் விசாரிக்க எனக்கு இப்போது யோக்கியதை இல்லை.

தாரணியின் இரண்டாவது கடிதம் வந்தபோது பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி முடித்திருந்தேன். குழந்தையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் பிரித்தேன். "நானேதான்" என்ற வார்த்தை வந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். இவர் கூப்பிட்டது கேட்கவில்லை. குழந்தை அழுதது கேட்கவில்லை. பிறகு எழுதுவதற்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. முதல் கடிதத்துக்கே பலமுறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அவள் பொய் எழுதியிருக்கிறாள், தம்பி. சொன்னது நான். வயிறு பிடிக்கிறது, வழி சொல்லு என்று அவள் என்னைக் கேட்டாள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடு என்று ஜூலை மாதம் எழுதினேன். அலாரத்தை நிறுத்தச் சொன்னதும் நான். தாரணி தயங்கியிருக்கிறாள், அவள் அம்மா என் பேச்சைக் கேட்டு அவளை அதட்டியிருக்கிறாள். அந்தக் குழந்தைமேல் ஒரு துளி தப்பு இல்லை. தயவுசெய்து அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். புரையேறுகிறது என்று அவள் எனக்கு எழுதினாள். தண்ணீர் மூக்கில் வருகிறது, தாடை சலிக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதினாள். படித்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். நான் கேலி பேசினேன். நான் நினைக்கிறேன், அதனால்தான் ஏறுகிறது என்று எழுதினேன். தலையில் தட்டி என் பேரைச் சொல்லச் சொன்னேன். மூச்சு அடைக்கிற நேரத்தில் என் தங்கச்சி நான் சொன்னபடியே செய்திருக்கிறாள்.

நம் வீட்டில் சாப்பிடாமல் மாத்திரை போட்டதில்லை என்ற ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸின் பேச்சைத் தூக்கி எறிந்தேன். அவளுக்கு ஆயிரம் நோயாளி, எனக்கு நீ ஒருத்திதான் என்று பெருமையாக எழுதினேன். அந்த ஒருத்தியைத்தான் இப்படிச் செய்திருக்கிறேன்.

இதைத் தாரணிக்குப் படித்துக் காட்டுங்கள். மாளவிகா நடமாடத் தொடங்கிவிட்டாள். நான் கிளம்பி வரட்டுமா? வந்து என் தங்கச்சி காலடியில் கிடக்கிறேன்.

தங்கம்


தி.நகர்
செப்டம்பர் 19

மதினி அவர்களுக்கு,

ராம்குமார் வணக்கம். பேத்திக்கு எங்கள் ஆசி.

கடிதம் கிடைத்தது. கடையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்தபின் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தாரணியிடம் நான் பேசியது தவறு என்று சொல்லிவிட்டேன். அவள் அன்று சாப்பிட்டாள்.

சந்திரிகாவுக்கு இன்னும் கழுத்தில் குழாய் இருக்கிறது. மெஷினை நிறுத்தி நிறுத்திப் பழக்குகிறார்கள். அழுதால் சளி கூடி மூச்சு இரைக்கிறது. அதனால் உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

நீங்கள் இப்போது வர வேண்டாம். போன் செய்ய வேண்டாம், எழுதவும் வேண்டாம். இதைக் கோபத்தில் எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். அவளை மடியில் போட்டுக்கொண்டு காரில் போனவர்கள் நாங்கள்.

அவள் தேறினால் தெரிவிக்கிறேன்.

ராம்குமார்


தி.நகர்
நவம்பர் 6

என் அக்காவுக்கு,

சந்திரிகாவேதான். கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று கேலி செய்யாதே. நீ, அத்தான், அஸ்வத், மாளவிகா, பாப்பா எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். பாப்பா குப்புற விழுகிறாளா?

தீபாவளிக்கு முந்தைய வாரம் வீட்டுக்கு வந்தேன். கழுத்தில் ஒரு ரூபாய் அளவுக்குத் தழும்பு. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் காட்டச் சொல்லித் தேவானை தினமும் மூச்சைச் சோதிப்பாள். எண்ணுவதற்குப் பதில் நான் கடை நிறங்களைச் சொன்னேன். முதல் நாள் அரக்கு, மாம்பழ மஞ்சள், அதோடு மூச்சு நின்றது. இப்போது ராமர் பச்சை, மயில்கழுத்து, கத்தரிப்பூ எல்லாம் தாண்டி வெங்காயத்தோல் வரை வந்துவிட்டேன்.

வீட்டில் உன் பேச்சு எடுப்பதில்லை. ஏன் என்று கேட்டால் இவர் பேப்பரைப் பார்ப்பார், தாரணி போனைப் பார்ப்பாள். நீ எழுதவில்லை, வரவில்லை. என்னை விட்டுவிட்டாய் என்றே நினைத்தேன். குழாயோடு கிடந்தபோது இல்லாத வலி எனக்கு அப்போது வந்தது.

நேற்று மத்தியானம் தண்ணீர் குடிக்கும்போது லேசாகப் புரையேறியது. தாரணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். இவர் நாற்காலி சாய எழுந்து நின்றார். இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் இல்லை. நான் நன்றாக இருமினேன். இரும முடிகிறது, அக்கா. இருமி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, என்னை அறியாமல் உச்சந்தலையில் தட்டிக்கொண்டேன். "அக்கா" என்றேன்.

தாரணி அழுதுவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், உன் கடிதம், இவர் உனக்கு எழுதியது, எல்லாவற்றையும். இத்தனை நாள் நீ வாயைக் கட்டிக்கொண்டு அங்கே இருந்திருக்கிறாய். நான் உன்னைத் திட்டிக்கொண்டு இங்கே இருந்திருக்கிறேன். இவர் உள்ளே போனார். திரும்பி வந்து ஒரு தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். "மதினிக்கு ரெண்டு வரி எழுதிப் போடு" என்றார்.

நான் சிலேட்டில் எழுதியது பொய் என்று நீ சொன்னாயாம். யார் உன்னைக் கேட்டது? நர்ஸ் சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. "எனக்கு நீ ஒருத்திதான்" என்று நீ எழுதிய வரியைப் படித்தபின் வேறு யார் சொன்னதும் என் காதில் ஏறவில்லை. அது என் தப்பு. உன்மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. நேரில் வா, சண்டை போட வேண்டும், அதற்குத்தான் குரலைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். மாம்பழ மஞ்சள் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

தாரணி மறுபடி அலாரம் வைத்திருக்கிறாள். எழுத உட்காரும் முன் அடித்தது, பிஸ்கட்டோடு மாத்திரை போட்டேன். வயிற்றுக்கும் தனியாக ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வெட்கத்தை விட்டுச் சொன்னேன், தேவானை சிரிக்கக்கூட இல்லை. மாத்திரை போட்டபின் அரைமணி நேரம் சாப்பிடக் கூடாது, பேச்சும் வராது. பசியோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கு அந்த அரைமணி நேரத்தில்தான் இதை எழுதினேன். இனி தினமும் அந்த நேரம் உனக்கு.

தாரணி தட்டு வைத்துவிட்டாள். சாப்பிடப் போகிறேன்.

சந்திரிகா